மும்பை யாருடையது என்று கேட்ட கூத்தாடி

ஆகஸ்ட் மாதம் முதல் தேதி வந்துவிட்டால் நம் குடியிருப்புகளை ஒட்டிய சந்துகளில் பந்தல் எழும்புகிறது. நாற்காலியின்மீது ஒரு படம், அதற்குப் பெரிய மாலை, முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஊர்வலம். நம்மவர்கள் என்ன செய்கிறோம்? "இன்றைக்கும் ரோட்டை அடைத்துவிட்டார்களா" என்று முணுமுணுத்துக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாகப் போய்விடுகிறோம்.

சென்ற ஆண்டு அப்படி ஒதுங்கி நின்றபோது என் பேரன், "தாத்தா, யாரு இவரு?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் கூட நின்ற நண்பர் முந்திக்கொண்டார். "அவங்க சாதித் தலைவருடா. நமக்கென்ன?" என்றார். பையனும் அத்தோடு விட்டுவிட்டான்.

எனக்கு அந்தப் பதில் இன்றுவரை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் அந்தப் படத்தில் இருந்தவர் நம் சந்தில் வாழ்ந்தவர். நம்மைப் போலவே பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்தவர். நாம் சொல்ல அஞ்சும் செய்தியை மேடையேறிப் பாட்டாகவும் கூத்தாகவும் சொன்னவர். அவர் பெயர் அண்ணாபாவ் சாட்டே. மராட்டிய மக்கள் அவரை 'லோக்ஷாஹீர்' என்று அழைக்கிறார்கள். மக்கள் பாவலர் என்று பொருள். அவரை "அவங்க ஆள்" என்று ஒதுக்கிவிடுவதால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. நட்டம் நமக்குத்தான் என்பதை நம் தோழர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்து வந்த சிறுவன்

1920 ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, அன்றைய சாத்தாரா மாவட்டத்தில், இன்று சாங்லி மாவட்டத்தில் உள்ள வாட்டேகாவ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். மாங் என்றும் மாதங் என்றும் சொல்லப்படும் தீண்டத்தகாதார் எனப்பட்ட சாதி. வெள்ளைக்கார அரசாங்கம் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் வைத்திருந்த சாதி. அந்தச் சட்டம் நமக்கும் புதிதன்று. நம் தென்மாவட்டங்களில் கைரேகை வைத்துவிட்டு இரவில் காவல் நிலையத்தில் படுத்துக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. மேல்சாதி ஆசிரியரின் நடத்தை தாங்காமல் ஒன்றிரண்டு நாளிலேயே அதை விட்டு வெளியேறியவர் என்பார்கள். 1931 வாக்கில், கிராமத்தில் பிழைக்க வழியற்றுப்போன நிலையில், அந்தக் குடும்பம் பம்பாய்க்குப் புறப்பட்டது. ரயிலுக்குக் காசு ஏது? நடந்தே வந்தார்கள். வழியில் கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டு, மாதக்கணக்கில் நடந்து வந்தார்கள்.

இங்கே வந்தபின் மூட்டை தூக்கினார், எடுபிடி வேலை செய்தார், பஞ்சாலையில் வேலை பார்த்தார். கடைப் பலகைகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எழுத்தறிந்த மனிதர்தான் பின்னாளில் முப்பதுக்கு மேற்பட்ட நாவல்களும் எண்ணற்ற சிறுகதைகளும் எழுதினார். அவற்றில் பல திரைப்படங்களாகவும் வந்தன.

தோழர்களே, அவர் வந்து தங்கிய இடங்களில் ஒன்று எது தெரியுமா? மாட்டுங்கா லேபர் கேம்ப். ஆம், தாராவியை ஒட்டி நம் மக்கள் நிறைந்து வாழும் அதே லேபர் கேம்ப்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வந்த நம் முன்னோர் அடுப்பு மூட்டிய அதே மண்ணில்தான், அந்த மராட்டிய இளைஞனும் குடிசை போட்டிருந்தான். அங்கேதான் பொதுவுடைமைத் தோழர்களின் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. அம்பேத்கருடன் பணியாற்றிப் பின் பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்த ஆர்.பி.மோரே போன்றவர்கள் அங்கே தாழ்த்தப்பட்ட தொழிலாளரைத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த லேபர் கேம்ப்பின் கொசுத்தொல்லையைப் பற்றிக் கட்டிய பாட்டுத்தான் அவருடைய தொடக்க காலப் பாட்டுகளில் ஒன்று என்பார்கள். கொசுவைப் பாடியவன் எங்கே போய்விடுவான்? கொசு ஏன் வந்தது, சாக்கடையை ஏன் மூடவில்லை, மூடவேண்டியவன் யார், அவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யார் என்று பாட்டு வளர்ந்துகொண்டே போகும். அப்படித்தான் வளர்ந்தது. அந்தக் கொசு இன்னும் நம் சந்தில் இருக்கிறது. பாட்டுக் கட்டத்தான் ஆளில்லை.

தமாஷாவை அவர் என்ன செய்தார்?

மராட்டியத்தில் 'தமாஷா' என்றொரு கூத்து உண்டு. நம் தெருக்கூத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். நம் கட்டியக்காரனைப் போல அதில் 'சோங்காட்யா' என்ற கோமாளி உண்டு. லாவணிப் பாட்டு உண்டு. லாவணி நமக்கும் அன்னியமானதில்லை. தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் அது தமிழ் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய நம் ஊர்களில் பாடியது அதுதான்.

தமாஷா ஆடியவர்கள் யார்? பெரும்பாலும் மகர், மாங், கோலாட்டி போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். பார்த்து மகிழ்ந்து காசு வீசியவர்கள் யார்? பாட்டீலும் ஜமீன்தாரும் வட்டிக்கடைக்காரரும். ஆடும் பெண்ணை இரவில் ரசிப்பார்கள். பகலில் அவள் நிழல் பட்டால் தீட்டு என்பார்கள். புகழ்பெற்ற லாவணிப் பாவலர் பட்டே பாபுராவ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். மகர் சாதிப் பெண்ணான பவளாவோடு சேர்ந்து தமாஷா நடத்தியதற்காகச் சொந்தச் சாதியைத் துறக்க நேர்ந்தது. கலையின்மீது இருந்த ஆசை மேல்சாதிக்குக் கலைஞனின்மீது இருந்ததில்லை. நம் ஊரிலும் அதே கதைதான். பறை வேண்டும், பறையடிப்பவன் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும். மராட்டியத்தில் 'ஹல்கி' என்ற தோற்கருவியை அடிப்பது மாங் சாதியாரின் ஊர்க்கடமை. பெயர்தான் வேறு, கட்டளை ஒன்றுதான்.

அண்ணாபாவ் அந்தத் தமாஷாவுக்குள்ளேயே வளர்ந்தவர். உறவினர் ஒருவரின் குழுவில் ஆடிப் பழகியவர். "இது இழிவான கலை, எனக்கு வேண்டாம்" என்று அவர் ஓடவில்லை. படித்த சிலர் அப்படித்தான் சொன்னார்கள். அவர் அந்தக் கலையை அப்படியே கையில் எடுத்து, யார் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதை மட்டும் மாற்றினார்.

எப்படி மாற்றினார் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்க்கவேண்டும். தமாஷாவின் தொடக்கத்தில் 'கண்' என்ற பகுதி வரும். அது கணபதி வணக்கம். அடுத்து 'கவளண்' வரும். அதில் கண்ணன் பால்காரப் பெண்களை வழிமறித்துச் சீண்டுவான், இரட்டைப் பொருள் பேச்சு இருக்கும். அதன் பிறகே கதை. அண்ணாபாவ் கணபதி வணக்கத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் தாய்மண்ணுக்கும், உழைக்கும் மக்களுக்கும், அவர்களுக்காக உயிர்விட்டவர்களுக்கும் முதல் வணக்கம் வைத்தார். பெண்ணை நிறுத்திச் சீண்டும் கவளணையும் நீக்கினார்.

இது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால் கிராமத்தில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். முதல் வணக்கம் யாருக்கு என்பதில்தான் அந்த மேடை யாருடையது என்பது தெரியும். முதல் தேங்காய் யாருக்கு உடைக்கவேண்டும், முதல் மரியாதை எந்த வீட்டுக்கு என்பதற்காக நம் ஊர்களில் வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. அந்த முதல் மரியாதையைத் தூக்கி ஆலைத் தொழிலாளிக்கும் கூலிக்காரனுக்கும் கொடுத்தார் ஒரு மாங் சாதி இளைஞர். அவர் உடைத்த கட்டுப்பாடு அதுதான்.

செங்கொடிக் கலைக்குழு

1944 ஆம் ஆண்டு மூன்று பேர் சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்ற குழுவை ஏற்படுத்தினார்கள். செங்கொடிக் கலைக்குழு என்று பொருள். அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக், தத்தா கவாண்கர் என்பவர்களே அந்த மூவர். அமர் ஷேக் சோலாப்பூர் மாவட்டத்துப் பார்சியில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தொழிலாளி. அவர் வாய் திறந்தால் ஒலிபெருக்கி தேவையில்லை என்பார்கள். வெவ்வேறு சாதி, வெவ்வேறு மதம், ஒரே குழு, ஒரே உலைச்சோறு. அந்தக் காலத்தில் இதுவே ஒரு புரட்சி.

அவர்கள் ஆலை வாசலில் ஆடினார்கள், சால்களின் முற்றத்தில் ஆடினார்கள், கிராமத்துச் சந்தைகளில் ஆடினார்கள். ஸ்டாலின்கிராட் போரைப் பற்றி அண்ணாபாவ் பாடிய 'போவாடா' என்னும் வீரப்பாட்டு பஞ்சாலைத் தொழிலாளரிடையே பரவிற்று. 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் பாடினார். எங்கோ வங்காளத்தில் சோறின்றிச் செத்தவனுக்காகப் பம்பாய்க் கூலிக்காரனைக் கலங்கவைத்தார். தேர்தலில் நிற்கும் சேட்ஜியைக் கோமாளியாக்கி ஒரு தமாஷா எழுதினார். வட்டிக்கடைக்காரனை எதிரில் கண்டால் தலைகுனியும் குடியானவன், மேடையில் அவனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். ஒருமுறை அப்படிச் சிரித்துவிட்டவன் மறுநாள் முன்புபோலத் தலைகுனிய மாட்டான். ஆளுவோர்க்கு அச்சம் பிடித்தது அங்கேதான்.

விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளில் பம்பாய் மாகாண அரசாங்கம் தமாஷாவுக்குத் தடை விதித்தது. ஆபாசம் என்பது சொல்லப்பட்ட காரணம். செங்கொடிக் குழுவின் நிகழ்ச்சிகளும் காவல்துறையின் பிடிக்குள் சிக்கின. அண்ணாபாவ் என்ன செய்தார்? தமாஷாவுக்குத் தானே தடை, இது 'லோகநாட்டியம்', அதாவது மக்கள் நாடகம், என்று பெயரை மாற்றி வைத்துக்கொண்டு ஆடினார். அந்தப் பெயர் மராட்டிய நாடக உலகில் நிலைத்துவிட்டது. தடை போட்டவர்களின் ஆணை எந்தக் கோப்பில் கிடக்கிறதோ!

தமிழ்நாட்டில் அதே காலத்தில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைத் தாங்கிக்கொள்ள முடியாமல் சென்னை அரசாங்கம் 1954 இல் நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இங்கே ஓர் அரசாங்கம், அங்கே ஓர் அரசாங்கம், இரண்டுக்கும் ஒரே பயம். துப்பாக்கி வைத்திருப்பவனைப் பிடிக்க ஏற்கெனவே சட்டம் இருந்தது. சிரிக்க வைப்பவனைப் பிடிக்கத்தான் புதிதாகச் சட்டம் தேவைப்பட்டது.

ஒரு நியாயமான கேள்வி

இதுவரை படித்த பெரியவர் ஒருவர் என்னைக் கேட்கலாம். "தம்பி, நீ சொல்வதெல்லாம் சரி. ஆனால் அவர் மராட்டியனுக்கே மும்பை என்று பாடியவர் இல்லையா? அந்த முழக்கத்தால்தானே 1960களில் நம் கடைகள் உடைந்தன?"

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். 1966 இல் தொடங்கிய கட்சியொன்று தென்னாட்டவர்மீது வெறுப்பை மூட்டியதையும், வேட்டியைக் கேலி செய்து முழக்கமிட்டதையும், தமிழ் எழுத்துப் பலகை வைத்திருந்த கடைக்காரர்கள் இரவோடு இரவாக அதைக் கழற்றியதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. மறக்கச் சொல்வதற்கும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கணக்கை அண்ணாபாவின் தலையில் எழுதுவது நீதியாகாது.

நடந்தது என்ன? மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பம்பாய் நகரை மட்டும் மராட்டியத்திலிருந்து பிரித்து மத்திய ஆட்சியின் கீழ் வைக்கத் திட்டமிட்டார்கள். நகரத்துப் பெருமுதலாளிகள் பலருக்கு அது உவப்பாக இருந்தது. அதை எதிர்த்து எழுந்ததுதான் சம்யுக்த மகாராஷ்டிர இயக்கம். 1955, 56 ஆம் ஆண்டுகளில் துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புளோரா பவுண்டன் அருகே ஹுதாத்மா சௌக்கில் நிற்கும் நினைவுச்சின்னம் அவர்களுக்கானது. அந்தப் போராட்டத்தில் பொதுவுடைமைக் கட்சியும், சோஷலிஸ்டுகளும், அம்பேத்கரின் இயக்கத்தாரும் இருந்தார்கள். 1960 மே முதல் தேதி மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது.

தன் மொழிக்கு ஒரு மாநிலம் கேட்பது குற்றமென்றால், ஆந்திர மாநிலத்துக்காக 1952 இல் சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலுவும் குற்றவாளியே. தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கேட்டு 1956 இல் நோன்பிருந்து மாண்ட தியாகி சங்கரலிங்கனாரும் குற்றவாளியே. அப்படிச் சொல்ல நம்மில் எவருக்கும் நா எழாது.

அந்தக் காலத்தில் அண்ணாபாவ் கட்டிய புகழ்பெற்ற பாட்டொன்று உண்டு. 'மாஜீ மைனா' என்று அதைச் சொல்வார்கள். வேலை தேடிப் பம்பாய்க்கு வந்த ஒருவன், ஊரில் விட்டுவந்த மனைவியை நினைத்துப் பாடுகிறான். அவள் முகம், அவள் ஏழ்மை, அவளை விட்டுப் பிரிந்த நாள், இந்த நகரத்துப் பதுக்கல்காரரும் முதலாளிகளும் தன்னை அலைக்கழித்தது எல்லாம் வருகிறது. கடைசியில், மனைவியைப் பிரிந்த அவன் துயரமும், மாநிலத்தோடு சேராமல் பிரிந்து நிற்கும் ஊர்களின் துயரமும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தப் பாட்டில் எதிரி யார்? பிரித்தவனும் சுரண்டுகிறவனும். பக்கத்துக் குடிசையில் இருக்கும் தென்னாட்டுக்காரன் அதில் எதிரியாக வரவே இல்லை. மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்து, மாதத்துக்கொரு மணியார்டர் அனுப்பி, இரண்டு வருடத்துக்கொருமுறை தாதர் நிலையத்தில் ரயில் ஏறிய நம் தாத்தாக்களில் எவர் கேட்டிருந்தாலும், இது தன் பாட்டு என்றே சொல்லியிருப்பார்.

மொழிப்பற்று வேறு, பக்கத்து வீட்டுக்காரன்மீது கல்லெறிவது வேறு. முதலாவதை இரண்டாவதாக்கியவர்கள் பின்னால் வந்தார்கள். தொழிலாளிக்குத் தன் கூலியைப் பிடுங்கியவன்மீது இருந்த கோபத்தை, தன்னோடு அதே வரிசையில் தண்ணீருக்கு நின்றவன்மீது திருப்பிவிட்டார்கள். அண்ணாபாவின் குரல் நம் காதில் விழாமல் போனதும் அவர்களுக்கு வசதியாயிற்று. ஆகவே அவரைக் கேட்பது நமக்குத் தற்காப்பும்கூட.

நகரத்தைப் பாடிய இரண்டு பாட்டுகள்

முன்னே சொன்ன பட்டே பாபுராவ் பம்பாயைப் பற்றி ஒரு லாவணி பாடியிருந்தார். நகரத்தின் அழகையும் செல்வத்தையும் வியந்த பாட்டு. அண்ணாபாவும் பம்பாய் லாவணி ஒன்று பாடினார். மலபார் ஹில்லின் மாளிகைகளைக் காட்டிவிட்டு, அங்கிருந்து கைபிடித்து ஏழைகளின் குடிசைக்குக் கூட்டிவந்துவிடுவார். ஒரே ஊருக்குள் இரண்டு ஊர் இருப்பதைக் கண்ணெதிரே வைத்துவிடுவார். அவருடைய தமாஷா ஒன்றுக்குப் பெயரே 'மும்பை யாருடையது?' என்பதுதான்.

அந்தக் கேள்வி இன்று பழைய கேள்வியாகிவிட்டதா? தாராவியில் இருப்பவர்கள் சொல்லட்டும். மறுசீரமைப்பு என்று வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போகிறார்கள். 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பே இங்கே இருந்ததற்குக் காகிதம் காட்டு, காட்டினால் இங்கேயே வீடு என்கிறார்கள். மாடியில் குடியிருப்பவன், பின்னால் வந்தவன், காகிதம் மழையில் நனைந்து போனவன் எங்கே போவான் என்று வீட்டுக்கு வீடு இரவில் பேச்சு நடக்கிறது. சேற்றை நிரப்பி நிலமாக்கியது யார், அந்த நிலத்துக்கு விலை ஏறியபோது உரிமை கேட்டு வந்தது யார்? இதைத்தான் அந்த மனிதர் அன்றைக்கே மேடையேறிக் கேட்டார்.

1958 இல் பம்பாயில் முதல் தலித் இலக்கிய மாநாடு கூடியபோது அதைத் தொடங்கிவைத்தவர் அண்ணாபாவ்தான். இந்த உலகத்தை ஆதிசேஷன் தலையில் தாங்கவில்லை, தாழ்த்தப்பட்டவர்களும் உழைப்பாளிகளும்தான் தாங்குகிறார்கள் என்ற கருத்தை அங்கே அவர் வைத்தார். மறு ஆண்டு, 1959 இல், 'ஃபகீரா' நாவல் வந்தது. பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்த மக்களுக்காக வெள்ளையனை எதிர்த்து நின்று தூக்குமேடை ஏறிய மாங் வீரன் ஒருவனின் கதை. அதை டாக்டர் அம்பேத்கரின் எழுதுகோலுக்குப் படைத்தார். அவர் பொதுவுடைமைக்காரர். ஆயினும் அம்பேத்கரின் பெயரை முதல் பக்கத்தில் வைத்தார். சாதியா, வர்க்கமா என்று நம் தோழர்கள் டீக்கடையில் நடத்தும் வாதத்துக்கு, அவர் வாழ்ந்தே ஒரு பதில் சொல்லியிருக்கிறார்.

1961 இல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்து ஒரு பயண நூலும் எழுதினார். ஆனால் திரும்பிவந்த இடம் காட்கோபரின் சிராக் நகர்க் குடிசைதான். கடைசிக் காலம் வறுமையிலும் நோயிலும் கழிந்தது. 1969 ஜூலை 18 அன்று மறைந்தார். வயது 48. அடுத்த மாதமே அமர் ஷேக்கும் மறைந்தார்.

பிறகு மரியாதைகள் வந்தன. 2002 இல் தபால்தலை. 2022 இல் மாஸ்கோவில் சிலை. அவர் பெயரில் அரசுக் கழகம். ஒவ்வோர் ஆண்டும் எல்லாக் கட்சித் தலைவர்களும் வந்து மாலை போடுகிறார்கள். அவர் எவரைப் பார்த்துச் சிரிக்கவைத்தாரோ அவர்களின் வாரிசுகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். படம் பேசாது அல்லவா!

நம் மேடையைப் பார்ப்போம்

பிறரைக் குறை சொல்லிவிட்டு முடித்துக்கொள்வது எளிது. நம் வீட்டையும் பார்க்கவேண்டும். நம் சங்கங்களின் ஆண்டுவிழா எப்படி நடக்கிறது? ஆறு மணி விழா எட்டு மணிக்குத் தொடங்குகிறது. நன்கொடை கொடுத்த பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஒன்றரை மணி நேரம். ஊரிலிருந்து வந்த சிறப்பு விருந்தினரின் பேச்சு ஒரு மணி நேரம். அதன்பின் குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். பின்வரிசையில் நிற்கும் தாய்மார்கள் கைக்குழந்தையோடு பத்தரை மணிக்கு வீடு திரும்புகிறார்கள். அவர்கள் வீட்டுக் கதை, அவர்கள் குழாயடிக் கதை, அவர்கள் கதவில் எழுதிய எண்ணின் கதை அந்த மேடையில் ஒரு நிமிடமும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விழாவுக்குப் பறையடிக்க ஆள் கூப்பிடுகிறோம். தமிழர் கலை என்று ஒலிபெருக்கியில் முழங்குகிறோம். அடித்து முடித்தவர்களுக்கு மேடைக்குப் பின்னால் பொட்டலச் சோறு. மேடை நாற்காலியில் ஒன்றாவது அவர்களுக்கு உண்டா? ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்தோம். ஊர்த்தெருவையும் சேரியையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டே வந்துவிட்டோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

"வேலை செய்து களைத்து வருகிற சனத்துக்குக் கொஞ்சம் சந்தோஷம் வேண்டாமா? அங்கேயும் அரசியலா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான். அண்ணாபாவ் பிரசங்கம் செய்யவில்லை. சிரிக்கவைத்தார். பத்து மணி நேரம் தறியில் நின்ற தொழிலாளி அவர் கூத்தைப் பார்க்க வந்தது சந்தோஷத்துக்காகத்தான். தன்னைப் பற்றிய கூத்தில் கிடைக்கும் சந்தோஷம், யாரோ ஒரு கதாநாயகன் யாரோ ஒரு கதாநாயகியைத் துரத்துவதில் கிடைப்பதைவிட எந்தவகையில் குறைந்தது?

"நாம் வந்தேறிகள், வாயைத் திறந்தால் அடி விழும்" என்பது இன்னொரு சொல். அந்த அச்சம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவரும் வந்தேறிதான். அவருக்கு முன்னால் காவல்துறை இருந்தது, தடையாணை இருந்தது, சாதி இருந்தது. பெயரை மாற்றி வைத்துக்கொண்டு அதே கூத்தை ஆடினார். அஞ்சி வாயை மூடுவதற்கும் நெஞ்சை நிமிர்த்தி அடிபடுவதற்கும் நடுவே இப்படி ஒரு வழியும் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, வரும் ஆண்டுவிழாவில் ஒரு மணி நேரம் நம் மக்களே எழுதி, நம் மக்களே நடிக்கும் நாடகத்துக்கு ஒதுக்கவேண்டும். பொன்னாடை நேரத்தில் அந்த ஒரு மணியை எடுத்துக்கொள்ளலாம். எழுத்தாளர் வேண்டியதில்லை. குழாயடியில் நடப்பதை நடந்தபடி பேசத் தெரிந்த நான்கு பெண்கள் போதும்.

இரண்டாவது, அந்த மேடையில் முதல் வணக்கம், இந்த நகரத்தின் சாக்கடையில் இறங்கி மூச்சுமுட்டி மாண்ட நம் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஆகட்டும். பறையடிப்பவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.

மூன்றாவது, நம் பிள்ளைகளைப் பற்றியது. 2020 இல் வந்த சட்டப்படி இந்த மாநிலத்துப் பள்ளிகளில் எல்லாம் மராட்டி கட்டாயப் பாடம். அதைச் சுமை என்று நாம் புலம்புகிறோம். அந்தச் சுமையைச் சொத்தாக்கிக்கொள்ளலாம். மராட்டி படிக்கத் தெரிந்த பேரன் அண்ணாபாவின் கதை ஒன்றை உரக்கப் படித்து, தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் போதும். பக்கத்துச் சந்து மராட்டியத் தோழர்களையும் கூப்பிடுவோம். எம்.ஆர்.ராதாவைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்வோம். கொடுக்கவும் வாங்கவும் இருவரிடமும் சரக்கு இருக்கிறது.

நான் ஏற்கெனவே தொடங்கிவிட்டேன். என் பேரன் இப்போது 'ஃபகீரா' படித்துக்கொண்டிருக்கிறான். தெரியாத சொல் வந்தால் மாடி வீட்டு மராட்டிய அம்மாளிடம் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறான். அந்த அம்மாளும் இப்போது கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னை விசாரிக்கிறார். இருபது ஆண்டுகளாக ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியும் "பாணி ஆலா கா?" என்பதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இந்த ஆகஸ்ட் முதல் தேதி ஊர்வலம் வரும்போது நான் பக்கத்துச் சந்து வழியாகப் போகப்போவதில்லை. பேரனோடு வாசலில் நிற்பேன். அவன் இனிமேல் யார் இவர் என்று கேட்கமாட்டான். நண்பர் அப்போதும் பக்கத்தில் நின்றால் அவருக்கு அவனே பதில் சொல்வான்.